நடு இரவில் நின்ற லாரி!

மின்சாரம் தொலைந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரவு மணி 2.

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், எளாவூருக்கு அருகே, ஓரமாக ஒரு லாரி நிற்கிறது. குண்டூரிலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றி வந்த லாரி. விடிவதற்குள் சென்னை போய்ச் சேர வேண்டும். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்த டிரைவர், முகம் கழுவி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புகிறார்.

“டக்... டக்... டக்...”

அவ்வளவுதான்! என்ஜின் அசையவில்லை. எரிந்துகொண்டிருந்த விளக்கும் மங்கிப் போயிற்று.

“அண்ணே, பாட்டரி போயிருச்சுங்களா?” என்று கேட்கிறான் கிளீனர்.

“மூணு மாசம்கூட ஆகலையேடா, புதுசு போட்டு!” என்கிறார் டிரைவர். “அதுக்கு முந்தி செத்ததும் இதே பக்கத்துப் பாட்டரிதான்!”

இந்த டிரைவரும் கிளீனரும் நாம் கற்பனையாக வைத்துக்கொண்டவர்கள். ஆனால் அவர்களுக்கு வந்த தொல்லை கற்பனை அல்ல. லாரி ஓட்டும் யாரைக் கேட்டாலும் இதுபோல் ஒரு கதை சொல்வார்.

டிரைவர் தம்மை அறியாமலே ஒரு துப்புக் கொடுத்துவிட்டார். “இதே பக்கத்துப் பாட்டரி” என்றாரே, அதுதான் துப்பு! குற்றவாளி பாட்டரி அல்ல. வேறு ஒருவன் இருக்கிறான். அவனைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் லாரிக்குள் மின்சாரம் எப்படிப் போய் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓடும் வீடு

எளாவூர், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம். அதைத் தாண்டி ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திரம். வடக்கே இருந்து தமிழ்நாட்டுக்குள் வரும் லாரிகளுக்கு இதுதான் தலைவாசல். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற வண்டிகளும் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன.

எளாவூர் சோதனைச் சாவடியை அறியாத லாரிக்காரர் இல்லை. ஒரு காலத்தில் விற்பனை வரிச் சீட்டுக்காக லாரிகள் வரிசையாகக் காத்துக் கிடந்த இடம் அது. 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது. ஆனால் லாரிக்காரர்களின் வாழ்க்கை மாறிவிடவில்லை. மாதத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்கு லாரிதான் வீடு. உறங்குவது அதில், உடுப்பு காய்வது அதில், சிலர் சமைப்பதும் அதன் அருகில்தான்!

வீடு என்றால் வசதி வேண்டாமா? காபினுக்குள் ஒரு மின்விசிறி வருகிறது. பாட்டுப் பெட்டி வருகிறது. செல்போனுக்குச் சார்ஜர் வருகிறது. பெயர்ப் பலகைக்குச் சுற்றிலும் வண்ண விளக்கு வருகிறது. சிலர் சின்ன டி.வி.கூட வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒயர்!

சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகும் ‘கேரவன்’ வண்டியை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் படுக்கை, குளிரூட்டும் யந்திரம், ஒப்பனை அறை எல்லாம் உண்டு. வெளிநாடுகளில் குடும்பத்தோடு உலாச் செல்லவும் இப்படிப்பட்ட வீட்டு வண்டிகள் இருக்கின்றன. பக்கத்தில் கேரள அரசு 2021-ம் ஆண்டிலேயே உல்லாசப் பிரயாணிகளுக்காகக் கேரவன் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. லட்சக்கணக்கில் விலை போகும் அந்த வண்டிக்கும், நம்முடைய மிளகாய் லாரிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டும் ஓடும் வீடுகள். இரண்டிலும் மின்சாரம் நின்றால் வீடும் நின்றுவிடும்!

போவது ஒரு வழி, திரும்புவது ஒரு வழி

நம் வீட்டு விளக்குக்கு இரண்டு ஒயர் போகிறது. ஒன்றில் மின்சாரம் வருகிறது; மற்றொன்றில் திரும்புகிறது. லாரி விளக்குக்கு ஒரே ஒயர்தான் போகிறது! பிறகு மின்சாரம் எப்படித் திரும்புகிறது?

லாரியின் இரும்புச் சட்டம்தான் இரண்டாவது ஒயர். பாட்டரியின் ‘மைனஸ்’ முனை ஒரு தடித்த பட்டையால் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. விளக்கின் ஒரு முனையையும் அதே சட்டத்தோடு இணைத்துவிடுகிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்து’ என்று சொல்கிறார்கள். போகிற வழி சரியாக இருந்தும், திரும்புகிற வழி அடைபட்டிருந்தால் விளக்கு எரியாது. பலர் போகிற வழியையே மாய்ந்து மாய்ந்து தேடுவார்கள். கோளாறு திரும்புகிற வழியில் இருக்கும்!

இன்னொரு விஷயம். காருக்கு 12 வோல்ட்டு. கனரக லாரிகளுக்குப் பெரும்பாலும் 24 வோல்ட்டு. 24 வோல்ட்டு பாட்டரி என்று தனியாக ஒன்று வைப்பதில்லை. 12 வோல்ட்டு பாட்டரிகள் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக இணைத்து வைக்கிறார்கள். இரட்டை மாட்டு வண்டி மாதிரி! இரண்டு மாடும் சமமாக இழுக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எது எங்கே இருக்கும்?

கோளாறு வந்த பிறகு டார்ச் விளக்கை வாயில் கடித்துக்கொண்டு, எது எங்கே என்று தேடுவது மகா கஷ்டம். பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பாட்டரி: லாரியில் பெரும்பாலும் பக்கவாட்டில், சட்டத்தோடு பொருத்திய பெட்டியில் இருக்கும். சேறும் தண்ணீரும் அடிக்கிற இடம். மூடி சரியாக இல்லாவிட்டால் ஆயுள் குறையும்.

மெயின் சுவிட்ச்: பாட்டரியின் அருகிலோ, காபினுக்குள்ளோ இருக்கும். இதைத் திருப்பினால் வண்டி முழுவதற்கும் மின்சாரம் நின்றுவிடும். தீ என்றால் முதலில் கை போக வேண்டிய இடம் இதுதான்!

பியூஸ் பெட்டி: டாஷ்போர்டின் அடியிலோ, கிளீனர் பக்கத்து மூடிக்குப் பின்னாலோ இருக்கும். பாட்டரிக்குப் பக்கத்திலும் சில பெரிய பியூஸ்கள் இருப்பதுண்டு. இது பலருக்குத் தெரியாது.

ரிலே: பியூஸ் பெட்டிக்குள் சதுரமாக இருக்கும் சின்னப் பெட்டி. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் அதிக மின்சாரம் வேண்டும். அவ்வளவையும் சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் கருகிவிடும். அதனால் சுவிட்ச் ரிலேக்கு உத்தரவு மட்டும் கொடுக்கிறது. வேலையை ரிலே செய்கிறது. சுவிட்சைப் போடும்போது “டிக்” என்று சத்தம் கேட்டால், உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சந்தேகமானால் அதே மாதிரி இன்னொரு ரிலேயைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம்.

செல்ப் மோட்டார்: என்ஜினைச் சுழற்றிக் கிளப்புவது. முற்காலத்தில் கிளீனர் முன்னால் நின்று இரும்பு ஹாண்டிலைச் சுற்றித்தான் லாரியைக் கிளப்புவார். அது எதிர்த்து உதைத்தால் கை ஒடிந்துவிடும்! அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற என்ஜினீயர் உருவாக்கிய மின்சார செல்ப், 1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. அந்த ஆபத்து அதோடு குறைந்தது.

ஆல்டர்னேட்டர்: நம் ஊர்க்காரர்கள் இன்றும் ‘டைனமோ’ என்றே சொல்வார்கள். என்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் சுழன்று மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரியை நிரப்புவது இது. இந்தச் சாமான்களைச் செய்யும் தொழிற்சாலை நம் சென்னைப் பாடியிலேயே இருக்கிறது. லூக்காஸ்-டி.வி.எஸ். கம்பெனி 1961-ல் ஆரம்பமானது.

இவை எல்லாம் கம்பெனி வைத்த இடங்கள். ஆனால் பல லாரிகளுக்குச் சட்டமும் என்ஜினும்தான் கம்பெனியில் வரும். காபினும் பாடியும் நாமக்கல் போன்ற ஊர்களில் கட்டப்படும். உள்ளே ஒயர் இழுத்தவர் எந்த வழியாக இழுத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த ரகசியமும் அவரோடு போய்விடும்!

சோதனைச் சாவடி முறை

இப்போது ஹெட்லைட் எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

எளாவூரிலேயே அதற்கு விடை இருக்கிறது. விஜயவாடாவில் புறப்பட்ட ஒரு லாரி சென்னைக்கு வந்து சேரவில்லை. வழி முழுவதும் தேடிக்கொண்டா போவார்கள்? இல்லை. “நெல்லூரைத் தாண்டியதா?” என்று விசாரிப்பார்கள். “தாண்டியது” என்று பதில் வருகிறது. “எளாவூரைத் தாண்டியதா?” “தாண்டவில்லை.” முடிந்தது! லாரி நெல்லூருக்கும் எளாவூருக்கும் நடுவில் இருக்கிறது.

மின்சாரத்தையும் இப்படித்தான் தேட வேண்டும். பாட்டரியிலிருந்து பியூஸ், பியூசிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து விளக்கின் இணைப்பு. ஒவ்வொன்றும் ஒரு சாவடி. விசாரிப்பதற்கு வேண்டியது ஒரு ‘டெஸ்ட் பல்பு’. சின்ன பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்துக்கொண்டால் போதும். 24 வோல்ட்டு லாரிக்கு 24 வோல்ட்டு பல்பு என்பதை மறக்கக்கூடாது. ஓர் ஒயரைச் சட்டத்தில் சுத்தமான இரும்பில் பிடித்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, மற்ற ஒயரால் சாவடியைத் தொட வேண்டும். எரிந்தால் மின்சாரம் அதுவரை வந்துவிட்டது. எரியாவிட்டால் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

முதல் சாவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். எட்டு இடங்களில் எங்கோ ஓர் இடத்தில் கோளாறு என்றால், நடுவில் ஒரு சோதனை. மிஞ்சிய நான்கின் நடுவில் ஒரு சோதனை. மிஞ்சிய இரண்டின் நடுவில் ஒரு சோதனை. மூன்றே சோதனையில் ஆள் அகப்பட்டுவிடுவான்!

விளக்கின் இணைப்பு வரை டெஸ்ட் பல்பு எரிகிறது, ஆனால் ஹெட்லைட் எரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, ஹெட்லைட் பல்பே போயிருக்கலாம். அல்லது திரும்புகிற வழி, அதாவது எர்த்து, கெட்டிருக்கலாம். டெஸ்ட் பல்பின் ஓர் ஒயரைச் சட்டத்திலிருந்து எடுத்து, விளக்கின் சொந்த எர்த்து ஒயரில் பிடித்துப் பாருங்கள். இப்போது எரியாவிட்டால் எர்த்துதான் குற்றவாளி.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. பத்துப் பதினைந்து இழை உள்ள ஒயரில் ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் டெஸ்ட் பல்பு எரிந்துவிடும். மீட்டரும் முழு வோல்ட்டைக் காட்டும். ஆனால் ஹெட்லைட்டுக்கு வேண்டிய பெரிய மின்சாரம் அந்த ஓர் இழையில் போகாது. ஒற்றையடிப் பாதையில் ஆள் போகலாம்; லாரி போக முடியுமா? அதனால் ஒயரின் இணைப்பைக் கையால் தொட்டும் பாருங்கள். விளக்கு எரியும்போது ஓர் இணைப்பு மட்டும் சூடாக இருந்தால், அங்கேதான் வழி குறுகியிருக்கிறது.

பச்சைக் களிம்பு

பழவேற்காடு ஏரியும் கடலும் எளாவூருக்குத் தூரமில்லை. கடலோரச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்று ஒரு பெரிய விரோதி. செம்பு ஒயரின் முனையில் பச்சைக் களிம்பு ஏறும். இரும்பில் துரு ஏறும். இரண்டும் மின்சாரத்தை மறிக்கும்.

எர்த்து கெட்ட வண்டியை ஓர் அடையாளத்தால் கண்டுபிடிக்கலாம். வலதுபக்க இண்டிகேட்டரைப் போடுவீர்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுக்கும்! பிரேக்கை மிதிப்பீர்கள், வேறு விளக்கு மங்கும். திரும்புகிற வழி அடைபட்ட மின்சாரம், பக்கத்து விளக்கின் வழியாகப் புகுந்து வீடு திரும்பப் பார்க்கிறது. இதைப் பார்த்துவிட்டு இண்டிகேட்டர் பெட்டியை மாற்றுவது பணத்துக்கு நஷ்டம். எர்த்து முனையைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

ஒரே பாட்டரி ஏன் சாகிறது?

இப்போது நம் மிளகாய் லாரிக்கு வருவோம். டிரைவர் கொடுத்த துப்பு நினைவிருக்கிறதா?

லாரியில் இருப்பது 24 வோல்ட்டு. ஆனால் கடையில் வாங்கிய மின்விசிறியும், பாட்டுப் பெட்டியும் 12 வோல்ட்டுக்கு உரியவை. என்ன செய்தார்கள்? இரண்டு பாட்டரிகளுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பிலிருந்து ஓர் ஒயரை இழுத்துவிட்டார்கள். அங்கே சரியாக 12 வோல்ட்டு கிடைக்கும். சுலபமான வேலை, செலவும் இல்லை!

ஆனால் நடந்தது என்ன? மின்விசிறியும் பாட்டும் சார்ஜரும் இரவு முழுவதும் குடித்தது ஒரே பாட்டரியின் மின்சாரத்தை. மூன்று ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் என்றால் 30 ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணி பாட்டரியில் ஒரே இரவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி! மற்றப் பாட்டரியோ நிரம்பியபடியே இருக்கிறது.

காலையில் லாரி கிளம்புகிறது. ஆல்டர்னேட்டர் சுமார் 28 வோல்ட்டு கொடுக்கிறது. பாட்டரிகள் இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் ஆளுக்கு 14 வோல்ட்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் இங்கே ஒன்று பசித்திருக்கிறது. மற்றொன்று வயிறு நிரம்பியிருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு இந்தப் பேதம் தெரியாது. அது மொத்தத்தை மட்டுமே பார்க்கிறது. பசித்த பாட்டரிக்கு 13 வோல்ட்டுதான் சேருகிறது. நிரம்பியதற்கு 15 வோல்ட்டு சேருகிறது என்று வையுங்கள். பசித்தது பசித்தபடியே இளைத்துச் சாகிறது. நிரம்பியது கொதித்துத் தண்ணீர் வற்றிப்போகிறது!

இதுதான் மர்மம். ஒயர் இழுத்த பக்கத்துப் பாட்டரிதான் முதலில் சாகும். மூன்று மாதத்துக்கு ஒன்று வாங்கி மாட்டினாலும் அதே பக்கம்தான் மறுபடியும் சாகும். கடைக்காரரையும் பாட்டரிக் கம்பெனியையும் திட்டிப் பயன் இல்லை.

பரிகாரம் என்ன? 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் ‘கன்வெர்ட்டர்’ என்ற சின்னப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டினால் இரண்டு பாட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். அல்லது 24 வோல்ட்டு மின்விசிறியே வாங்கிவிடலாம். பாட்டரி மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். கிழ மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி ஓடுமா?

பாட்டரியின் நிலையை அறிய ஒரு சாதாரண மீட்டர் போதும். என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே பாருங்கள். 12.6 வோல்ட்டு இருந்தால் முழுசாக நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அபாயம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், எங்கோ ஓர் ஒயர் திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என்ஜின் ஓடும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 27-லிருந்து 29 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டைனமோவையும் பெல்ட்டையும் கவனியுங்கள்.

காவல்காரனைக் கட்டிப்போடாதீர்கள்!

பாட்டரி செத்தால் பணம்தான் நஷ்டம். இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது.

பியூஸ் என்பது காவல்காரன். ஒயரில் அளவுக்கு மேல் மின்சாரம் போனால், தான் எரிந்து ஒயரைக் காப்பாற்றுகிறான். தட்டையான பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லிவிடும். சிவப்பு 10 ஆம்பியர். நீலம் 15. மஞ்சள் 20. பச்சை 30.

பியூஸ் அடிக்கடி போகிறது. கையில் வேறு இல்லை. அவசரம். என்ன செய்கிறார்கள்? சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். அல்லது தடித்த செம்புக் கம்பியைச் சொருகுகிறார்கள். 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் மாட்டுகிறார்கள். “இனிமேல் போகவே போகாது!” என்று சந்தோஷம்.

உண்மைதான். பியூஸ் போகாது. அதற்குப் பதிலாக ஒயர் போகும்! சிவந்து, உறை உருகி, பக்கத்தில் உள்ள மெத்தையில் பற்றும். மேலே சாக்கு மூட்டை. உள்ளே அயர்ந்து தூங்கும் மனிதன்.

ஒரு சின்னக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் விளக்கு அரை ஆம்பியர்கூட எடுக்காது. அதே 100 வாட்டை 12 வோல்ட்டில் எரித்தால் 8 ஆம்பியருக்கு மேல்! 300 வாட் இன்வெர்ட்டரை 12 வோல்ட்டில் மாட்டினால் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைக் காபின் விளக்குக்குப் போட்ட மெல்லிய ஒயரில் இணைத்தால் என்ன ஆகும்? வீட்டுக் கணக்கை வண்டியில் போடக் கூடாது.

2025-ம் ஆண்டு அக்டோபரில் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் அருகே ஓடிக்கொண்டிருந்த தனியார் ஏ.சி. பஸ் தீப்பிடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மின்சாரக் கோளாறாக இருக்கலாம் என்று அப்போது முதலில் சந்தேகிக்கப்பட்டது. காரணம் எதுவானாலும், ஓடும் வண்டியில் தீ எவ்வளவு சீக்கிரம் பரவும் என்பதை நாடு அன்று பார்த்தது.

புது ஒயர் இழுக்கும்போது மூன்று விதிகளை மறக்காதீர்கள். பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை. ஒயரின் தடிப்புக்கு ஏற்ற பியூஸ்தான் வைக்க வேண்டும். இரும்புத் துளை வழியாக ஒயர் போனால் ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் குலுக்கலில் உறை தேய்ந்து கம்பி வெளியே வந்துவிடும்.

பாட்டரியில் கை வைக்கும்போதும் ஒரு முறை உண்டு. கழற்றும்போது ‘மைனஸ்’ முதலில். மாட்டும்போது ‘மைனஸ்’ கடைசியில். இல்லாவிட்டால் ஸ்பானர் சட்டத்தில் பட்டு நெருப்பு பறக்கும். மோதிரம், காப்பு போட்ட கையால் வேலை செய்யக் கூடாது. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள்.

கேரவன் என்றால்...

வீட்டு வண்டியில் மின்சாரம் இரண்டு குடும்பம். என்ஜினைக் கிளப்ப ஒரு பாட்டரி. விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டாருக்கு வேறு பாட்டரி. நிற்கும்போது வீட்டுப் பாட்டரி காலியானாலும், என்ஜின் பாட்டரியைத் தொடாதபடி நடுவில் ஒரு ரிலே பிரித்து வைக்கும். என்ஜின் ஓடினால் இரண்டையும் சேர்த்து நிரப்பும். நம் லாரிக்காரருக்கு வந்த தொல்லை அங்கே வராமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

வீட்டு விளக்கு ஒன்றும் எரியவில்லை. ஆனால் என்ஜின் கிளம்புகிறது என்றால், வீட்டுப் பாட்டரியையும் அதன் பெரிய பியூசையும் பாருங்கள். இவை பெரும்பாலும் படுக்கையின் அடியிலோ, இருக்கையின் அடியிலோ இருக்கும். பல மணி நேரம் ஓட்டியும் வீட்டுப் பாட்டரி நிரம்பவில்லை என்றால், பிரிக்கும் ரிலேயைப் பாருங்கள்.

ஏ.சி.க்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் 230 வோல்ட்டு வேண்டும். அது வெளியிலிருந்து இழுத்த ஒயரிலோ, ஜெனரேட்டரிலோ, இன்வெர்ட்டரிலோ வரும். அந்தப் பக்கம் டெஸ்ட் பல்பைக் கொண்டுபோகாதீர்கள்! 24 வோல்ட்டு சுடும்; 230 வோல்ட்டு கொல்லும். அதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

புது லாரிகளிலும் காலம் மாறிவிட்டது. 2025 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் காபினுக்கு ஏ.சி. கட்டாயம். கோடையில் வேகும் டிரைவர்களுக்கு நல்ல செய்தி! 2020-ல் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரே என்ஜினை ஆள்கிறது. அதன் ஒயர்களில் டெஸ்ட் பல்பை வைத்தால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். மீட்டரும், கோளாறு படிக்கும் கருவியும்தான் அதற்கு உரியவை. வெல்டிங் வைப்பதற்கு முன் பாட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்றும்போதும், சாவியை நிறுத்திச் சில நிமிஷம் பொறுத்துக் கழற்றுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

கடைசியாக, எல்லாக் கருவிகளையும்விட மலிவான ஒரு கருவியைச் சொல்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு; ஒரு பென்சில்.

முதல் பக்கத்தில் வண்டியின் படம் போடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பாட்டரி எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, பியூஸ் பெட்டி எத்தனை, எந்தப் பியூஸ் எதற்கு என்று குறியுங்கள். ஒவ்வொரு பியூசாகக் கழற்றி, எது அணைகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேர வேலை!

புதிதாக ஓர் ஒயர் இழுத்தால், அன்றைக்கே எழுதுங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த நிறம், எந்த வழியாகப் போகிறது, எத்தனை ஆம்பியர் பியூஸ். பாட்டரி மாற்றிய தேதியையும், எந்தப் பக்கத்துப் பாட்டரி என்பதையும் குறியுங்கள். அப்படி ஒரு நோட்டு நம் டிரைவரிடம் இருந்திருந்தால், இரண்டாவது பாட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, “ஏன் இதே பக்கம்?” என்று கேட்டிருப்பார். நோட்டை டிரைவர் பக்கத்துக் கதவின் பையில் வையுங்கள். வண்டி கைமாறினால் நோட்டும் கைமாற வேண்டும்.

எளாவூரில் பொழுது விடிகிறது. இன்னொரு 24 வோல்ட்டு லாரியிலிருந்து ஒயர் கொடுத்து, நம் லாரியை எப்படியோ கிளப்பிவிட்டார்கள். டிரைவர் முதல் காரியமாக, நடு இணைப்பில் இருந்த அந்த ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைக்கிறார்.

“அண்ணே, அப்ப ராத்திரிக்கு ஃபேன் இல்லைங்களா?” என்று கேட்கிறான் கிளீனர்.

“சென்னை போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கலாம்டா தம்பி. அப்படியே ஒரு நோட்டும் வாங்கணும்!” என்கிறார் டிரைவர்.

லாரி கிளம்புகிறது. மிளகாய் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆனால் மூன்றாவது பாட்டரிக்கு வேலை இருக்காது!